வன்னியில் மின்வாகனம் வாங்கப்போகிறீர்களா? வீட்டு ஏர்த்திலிருந்து தொடங்குங்கள்

கிளிநொச்சிப் பக்கத்தில் வீட்டு வயரிங் செய்வது என் தொழில். முன்பெல்லாம் புதுவீடு, தண்ணீர் மோட்டார், கலியாணவீட்டுப் பந்தலுக்கு லைட் என்றுதான் கூப்பிடுவார்கள். 2022இல் சனம் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்ற பிறகு, "அண்ணை, கரண்ட் ஸ்கூட்டி ஒண்டு எடுத்திருக்கிறன், சார்ஜ் போட ஒரு பிளக் அடிச்சுத் தாங்கோ" என்ற அழைப்பும் சேர்ந்துகொண்டது. இப்போது கார் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள்.

"எடுத்திருக்கிறன்" என்ற அந்தச் சொல்தான் எனக்குக் கவலை. வண்டி முற்றத்துக்கு வந்த பிறகுதான் வீட்டு மின்சாரத்தைப் பற்றி யோசிக்கிறோம். வன்னியில் மின்வாகனம் வைத்திருப்பவருக்கு வீடுதான் எரிபொருள் நிலையம். ஆகவே முதலில் வீட்டுச் சுவரைப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள். இந்த வழிகாட்டியும் அந்த ஒழுங்கில்தான் போகிறது.

எரிபொருள் இல்லாமல் வண்டி ஓட்டுவது நமக்குப் புதிதில்லை. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது சில துளி பெற்றோலில் எஞ்சினை உசுப்பி, மிச்ச ஓட்டத்தை மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை நம் தகப்பன்மார் தள்ளித் தள்ளிக் காப்பாற்றினார்கள். அந்தக் காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்கு லைன் கரண்டே இல்லை. நாட்டின் மின்வலையோடு நாம் சரியாகச் சேர்ந்தது 2009க்குப் பிறகுதான். வீட்டுத்திட்ட வீடுகள் பல அந்த அவசரத்தில் இரண்டு லைட், ஒரு விசிறி, ஒரு பிளக் என்ற கணக்கில் வயர் இழுக்கப்பட்டவை. இரவிரவாக ஒரு வண்டி அதில் கரண்ட் உறிஞ்சும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

முதலில்: ஒரு வாரம் ஓட்டத்தை எழுதுங்கள்

ஒரு கொப்பியில் ஏழு நாளுக்கு எழுதினால் போதும். காலையில் எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீற்றர், பின்னால் ஆள் இருந்ததா, கிறவல் றோட்டா தார் றோட்டா. பள்ளிக்கூடம், சந்தை, வயல், கோயில் எல்லாம் சேர்த்தாலும் பலருக்கு ஒரு நாள் ஓட்டம் 25 கிலோமீற்றரைத் தாண்டாது. அப்படியானால் ஸ்கூட்டர் தாராளமாகப் போதும். புதுக்குடியிருப்பிலிருந்து தினமும் கிளிநொச்சிக்கு வேலைக்கு வந்து போகிறவரின் கணக்கு வேறு. அவர் ஒரு நாளில் 80 கிலோமீற்றர் அளவு ஓடுவார். வேலையிடத்தில் சார்ஜ் போட இடம் கிடைக்காவிட்டால் சாதாரண ஸ்கூட்டர் அவருக்குச் சரிவராது.

அந்த வாரத்தின் ஆகக்கூடிய நாள் ஓட்டத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். வண்டி உண்மையில் ஓடவேண்டிய தூரம் அதுதான். பற்றரி பழசாகும், மழையில் சுற்றிப்போக நேரும், ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் கூடுதலாக ஓடவேண்டி வரும்.

வீட்டு மின்சாரம்

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மீற்றருக்குப் பக்கத்தில் உள்ள பிரேக்கரில் எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கும். 15 அம்பியர் இணைப்பு என்றால் 230 வோல்டில் மொத்தம் 3.4 கிலோவாட்டுக்குச் சற்றுமேல்தான் எடுக்கலாம். 30 அம்பியர் என்றால் 6.9 கிலோவாட். ஸ்கூட்டர் சார்ஜர் எடுப்பது 400 வாட் அளவு, ஒரு ரைஸ் குக்கரைவிடக் குறைவு. அதற்கு 15 அம்பியரே போதும். கார் அப்படியில்லை. மூன்று முனை பிளக்கில் 10 அம்பியரில் சார்ஜ் போட்டாலே 2.3 கிலோவாட். அந்த நேரம் அம்மா அயர்ன் பிடித்து, தண்ணீர் மோட்டாரும் ஸ்டார்ட் ஆனால் 15 அம்பியர் இணைப்பின் பிரேக்கர் விழுந்துவிடும். கார் வாங்குகிறவர் முதலில் 30 அம்பியருக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். சுவரில் பூட்டும் 7 கிலோவாட் சார்ஜர் 32 அம்பியர் கேட்கும்; அதற்கு ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) 30 அம்பியரும் காணாது, அதைவிடப் பெரிய இணைப்பு வேண்டும். நம் பக்கத்து ஓட்டத்துக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. இரவு 10 மணித்தியாலம் 10 அம்பியரில் போட்டாலே காருக்கு 120 கிலோமீற்றர் அளவு ஏறிவிடும்.

அடுத்தது வயர். சார்ஜருக்கு மெயின் போர்ட்டிலிருந்து தனி லைன் இழுங்கள், தனி பிரேக்கர் போடுங்கள். ஸ்கூட்டருக்கு 7/0.67 (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு சேர்ந்த வயர்) போதும். காருக்கு 7/0.85 போடுங்கள், வண்டி நிற்கும் கொட்டில் தூரத்தில் இருந்தால் 7/1.04. பிளக் பேஸ் நல்ல தரமான 13 அம்பியர் சதுர முனையாக இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் வயரும் மல்ட்டி பிளக்கும் கூடவே கூடாது. என் வீட்டிலேயே ஒருமுறை, இரண்டு நாளுக்குத்தானே என்று மல்ட்டி பிளக்கில் சார்ஜர் போட்டேன். நடுச்சாமத்தில் பிளாஸ்டிக் எரியும் மணத்தில்தான் எழும்பினோம். பக்கத்தில் நெல்மூட்டை அடுக்கியிருந்தது. பத்து நிமிடம் எடுக்கும் கேத்தலையும் பத்து மணித்தியாலம் எடுக்கும் சார்ஜரையும் ஒரே பிளக் தாங்கும் என்று நம்பக்கூடாது.

மூன்றாவது ஏர்த். நம் நாட்டு முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் அதன் ஏர்த் கம்பிதான் காவல். மாரியில் நனைந்த மண்ணில் அந்தக் கம்பி நன்றாக வேலை செய்யும். ஆவணியில் மண் வெடித்துக் கிடக்கும்போது அதே கம்பி செத்ததுபோலத்தான். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர மணலில் நிலைமை இன்னும் மோசம். வெயில் காலத்தில் ஏர்த் மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 10 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி. கூடினால் இன்னொரு கம்பி அடித்து இரண்டையும் இணையுங்கள். அடிக்கும் இடம் முக்கியம்: கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாழையடி போல வருடம் முழுக்க ஈரம் நிற்கும் இடமாகப் பாருங்கள். காரின் சார்ஜர் ஏர்த் சரியில்லை என்றால் சிவப்பு லைட் காட்டிச் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். "சார்ஜர் பழுது" என்று என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியராக இருக்க வேண்டும். அதிலுள்ள சின்ன பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். காருக்குச் சார்ஜ் லைன் போடும்போது ஏ (A) வகை ட்ரிப் சுவிட்ச் கேட்டு வாங்குங்கள், சாதாரண ஏசி (AC) வகை போதாது.

கடைசியாக வோல்டேஜ். சட்டப்படி 230 வோல்டில் 6 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 216க்கும் 244க்கும் இடையில். ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் இரவு ஏழு மணிக்கு நான் 190 பார்த்திருக்கிறேன். பிளக்கில் செருகும் வோல்ட் மீற்றர் ஒன்றை வாங்கி, இரவு 7 மணிக்கும் விடிய 4 மணிக்கும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். தொடர்ந்து 216க்குக் கீழே நின்றால் அந்தக் குறிப்போடு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். "வோல்டேஜ் குறைவு" என்று வாயால் சொல்வதைவிடத் தேதியும் நேரமும் உள்ள தாள் எடுபடும். அயல்வீட்டாரும் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

ஸ்கூட்டர் பார்க்கும்போது

கடைக்காரர் முதலில் தூரம் சொல்வார். நீங்கள் பற்றரியைக் கேளுங்கள். 72 வோல்ட், 20 அம்பியர் மணி என்றால் 72ஐ 20ஆல் பெருக்க 1440 வாட் மணி, கிட்டத்தட்ட ஒன்றரை அலகு. நம் றோட்டில் ஸ்கூட்டர் ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 வாட் மணி எடுக்கும். ஆகவே புதிதாக இருக்கும்போது 50 கிலோமீற்றர் அளவு. 80 ஓடும் என்றால், ஒல்லியான ஒருவர் தனியாக, காற்றில்லாத நாளில், மெல்ல ஓட்டினால் ஓடலாம். தருமபுரத்தில் ஓர் அம்மா சொன்னார்: "தம்பி, எழுபது ஓடும் எண்டுதான் தந்தவங்கள். ஒரு வருசம் முடியேல்ல, இப்ப முப்பது ஓடினாப் பெரிசு." அவருடையது ஈயப் பற்றரி. மகன் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, முழுக்க இறங்கிய பிறகுதான் சார்ஜ் போட்டிருக்கிறார். ஈயப் பற்றரிக்கு அதுதான் எமன்.

ஈயப் பற்றரி மலிவு, பாரம் கூட, சில நூறு தரம் சார்ஜ் ஏறினால் களைத்துவிடும். அதை வாங்கினால் ஓடியது 5 கிலோமீற்றரே ஆனாலும் இரவில் போட்டுவிடுங்கள். லிதியம் இரும்புப் பொஸ்பேற்று வகை விலை கூட. ஆனால் 2000 தரத்துக்கு மேல் தாங்கும், வெக்கையையும் மற்ற லிதியத்தைவிட நன்றாகப் பொறுக்கும். என்னைக் கேட்டால் கடன் பட்டாவது அதை எடுங்கள் என்பேன். இரண்டாம் வருடத்தில் ஈயப் பற்றரி மாற்றும் காசு அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஈயப் பற்றரியின் சார்ஜரை லிதியத்தில் செருகக்கூடாது. செருகும் முனை ஒன்றுபோல இருக்கும், வோல்டேஜ் வேறு. தீப்பிடிக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது பின்னால் ஆளை ஏற்றுங்கள், 10 கிலோமீற்றராவது ஓடுங்கள். பற்றரி உத்தரவாதம் எத்தனை மாதம் என்பது பில்லில் எழுத்தில் இருக்கட்டும். பழுதானால் பார்ப்பவர் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருக்கிறாரா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் கேளுங்கள். விலையில் பத்தாயிரம் குறைவதைவிட இது பெரிசு.

பதிவு இலக்கம் இல்லாத வண்டியை யார் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். பதிவில்லாமல் காப்புறுதி கிடையாது. ஏ9 வீதியில் ஒரு விபத்து நடந்தால் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். சாரதி அனுமதிப்பத்திரமும் தலைக்கவசமும் பெற்றோல் வண்டிக்குப் போலவே.

கார் என்றால்

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் திறந்த பிறகு புதுக் கார்கள் வருகின்றன. ஆனாலும் நம் பக்கத்தில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் பழைய நிசான் லீஃப்தான். அதன் பற்றரிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி இல்லை, வெக்கை நாட்டில் வேகமாகக் கிழடாகும். மீற்றர் பலகையின் வலது ஓரத்தில் 12 சின்னக் கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம் போகும்போதே 15 சதவீதம் அளவு கொள்ளளவு போயிருக்கும். 24 கிலோவாட் மணி லீஃப் 8 கட்டத்தில் நின்றால் ஏசி போட்டு 70 கிலோமீற்றர் ஓடுவதே பாடு. கட்டத்தை மட்டும் நம்பாமல், காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவியைச் செருகி லீஃப் ஸ்பை செயலியில் பற்றரியின் ஆரோக்கியத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

சார்ஜ் வாயையும் பாருங்கள். ஜப்பான் லீஃபுக்கு வேகச் சார்ஜ் சாடெமோ. இங்கே முகவர் ஊடாக வரும் பல புது மின்கார்களுக்கு சிசிஎஸ் 2. சீன உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த காருக்கு ஜிபி/டி. ஒன்றின் செருகுமுனை மற்றதில் பொருந்தாது. போகும் பாதையில் எது இருக்கிறது என்று தெரியாமல் ஜிபி/டி கார் எடுத்தால் வெளியூரில் தவிக்க நேரும்.

எப்போது சார்ஜ் போடுவது

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுக்க ஒன்றாகக் கரண்ட் இழுக்கும் நேரம். அந்த நாலு மணித்தியாலமும் சார்ஜரைத் தொடாதீர்கள். நேரவாரிக் கட்டணத்தில் அதுதான் ஆகக் கூடிய விலை, 10.30 முதல் காலை 5.30 வரை ஆகக் குறைவு. மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) இணைப்பு எடுப்பவர் அந்தக் கட்டண முறைக்கு மாறுவது பற்றிப் பகுதி அலுவலகத்தில் கேட்க வேண்டும். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் இருப்பவருக்கு நேரத்தால் காசு குறையாது, ஆனால் வோல்டேஜ் நன்றாக இருக்கும்.

அவர்கள் பார்க்க வேண்டியது அலகுப் படிகளை. ஸ்கூட்டரில் மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால் பில்லில் 20 அலகு அளவு கூடும். இப்போது 85 அலகு எரிக்கும் வீடு 105க்குப் போகும், அதாவது 90 என்ற எல்லையைத் தாண்டும். அங்கே அலகு விலையும் நிலையான கட்டணமும் சேர்ந்தே ஏறும். பழைய குண்டு பல்புகளை எல்ஈடிக்கு மாற்றினால் சிலவேளை அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடலாம். அப்படியே கூடினாலும் 600 கிலோமீற்றருக்கு ஸ்கூட்டர் குடிக்கும் 14 லீற்றர் பெற்றோலின் இன்றைய விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

கூரையில் சோலர் உள்ளவர்கள் முடிந்தால் பகலில் போடுங்கள். 1 கிலோவாட் பலகை நம் வெயிலில் நாளுக்கு 4 அலகு அளவு தரும், இரண்டு ஸ்கூட்டருக்குக் காணும். 2025 ஏப்ரல் புதுவருட விடுமுறையில் நாட்டில் பகல் மின்பாவனை குறைந்து, கூரைச் சோலரைக் கொஞ்ச நாளுக்கு நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. மன்னார்த் தீவின் கரையில் 30 காற்றாலைகள் 100 மெகாவாட் அளவுக்குச் சுழல்கின்றன. நம் வெயிலும் நம் காற்றும் நம் வண்டியில் ஏறவேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை.

மத்தியான வெயிலில் ஓடி வந்த கையோடு சார்ஜ் போடாதீர்கள். வேப்பமர நிழலில் அரை மணித்தியாலம் விட்டு, சூடு ஆறியபின் போடுங்கள்.

மாரியும் சோளகமும்

ஐப்பசி, கார்த்திகை இடி நம் பக்கத்தில் பொல்லாதது. வானம் இருண்டால் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. மெயின் போர்ட்டில் மின்னல் காப்புச் சாதனம் ஒன்று பூட்டினால் டிவியும் ஃபிரிட்ஜும் சேர்ந்து தப்பும். மழை காலத்தில் நாலைந்து மணித்தியாலம் கரண்ட் போவதும் நடக்கிறதுதான். ஆகவே அந்த மாதங்களில் பாதிக்குக் கீழே சார்ஜ் இறங்க விடாதீர்கள்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான்பாய்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் ஸ்கூட்டரை மேட்டுக்கு ஏற்றுங்கள். பற்றரி கழற்றக்கூடியது என்றால் கழற்றிப் பரணில் வையுங்கள். தண்ணீருக்குள் நின்ற வண்டியை, காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சார்ஜ் போடவே கூடாது. முதலில் மெக்கானிக் திறந்து பார்க்கட்டும்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வேறு விதமாகக் கடிக்கும். ஆனையிறவிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் எதிர்க்காற்றில் ஓடிப் பாருங்கள், ஐந்தில் ஒரு பங்கு தூரம் காணாமல் போகும். வேகத்தை 35க்கு இறக்கினால் பெரும்பகுதி திரும்பி வரும்.

இரவில் இன்னொன்று. தார்ச் சூட்டுக்கு மாடுகள் நடு றோட்டில் படுத்திருக்கும். உங்கள் வண்டிக்குச் சத்தமில்லை. மாடும் எழும்பாது, நடந்து போகிற கிழவரும் ஒதுங்க மாட்டார். லைட்டும் ஹோர்னும் நன்றாக இருக்க வேண்டும், வேகம் குறைய வேண்டும்.

தூரம் போவது

கிளிநொச்சியிலிருந்து வவுனியா 75 கிலோமீற்றர் அளவு, யாழ்ப்பாணம் 70க்குக் கிட்ட. வவுனியாவிலிருந்து மன்னாரும் 75, 80 வரும். உண்மை ஓட்டம் 110 கிலோமீற்றருக்குக் குறைந்த காரில் இந்தத் தூரங்களை இடையில் நிற்காமல் போகத் துணிய வேண்டாம். பிளக்ஷேர் செயலியில் வழியிலுள்ள சார்ஜ் இடங்களைப் பாருங்கள். படத்தில் இருப்பதை மட்டும் நம்பாமல் முதல் நாளே போன் எடுத்து, இயங்குகிறதா, எந்த முனை, எத்தனை மணி வரை என்று கேளுங்கள். எடுத்துச் செல்லும் சார்ஜர் டிக்கியில் இருந்தால் மச்சான் வீட்டிலும் போடலாம். நம் பக்கத்தில் உறவுக்காரர் வீடுதான் ஆகப் பெரிய சார்ஜ் வலையமைப்பு. போய் இறங்கியதும் அந்த வீட்டு ட்ரிப் சுவிட்சை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், போகும்போது அலகுக்குக் காசைக் கையில் வையுங்கள். கொழும்புக்கு ரயிலில் போங்கள்.

ஊருக்கு ஒரு சார்ஜ் இடம்

கடை வைத்திருப்பவர்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், கோயில் நிர்வாகத்தாருக்கும் இது. 50 கிலோவாட் வேகச் சார்ஜர் பற்றி முதலில் யோசிக்க வேண்டாம். கிராமத்து 100 கேவிஏ ட்ரான்ஸ்போமரில் பாதியை அது ஒன்றே விழுங்கும். மூன்று கட்ட 30 அம்பியர் இணைப்பில் 20 கிலோவாட் கிடைக்கும். அதில் ஒரு கட்டத்துக்கு ஒன்றாகக் காருக்கு 6 கிலோவாட்டுக்குக் குறைத்து வைத்த சார்ஜர் இரண்டு, மூன்றாவது கட்டத்தில் ஸ்கூட்டருக்கு 13 அம்பியர் பிளக் நாலு போடலாம். ஒரு மணித்தியாலத்தில் காருக்கு 30 கிலோமீற்றர் வரையும் ஸ்கூட்டருக்கு 10 கிலோமீற்றரும் ஏறும். மாங்குளத்தில் சாப்பிட இறங்குகிறவருக்கு அது வீடு சேரப் போதும்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் எந்த வாகனமும் நிற்காமல் போவதில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, தேத்தண்ணி குடித்துக் கிளம்ப அரை மணித்தியாலம் ஆகிவிடும். சார்ஜ் போட இதைவிடப் பொருத்தமான இடம் ஏ9இல் எனக்குத் தெரியவில்லை. காசு வாங்கிச் சார்ஜ் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் விதிமுறையை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டிக்கு மேலே தகரக் கூரை, தரை முற்றத்தைவிட ஓர் அடி உயரம், ஒவ்வொரு பிளக்குக்கும் தனி ட்ரிப் சுவிட்ச், இரவு முழுக்க எரியும் ஒரு லைட். பிள்ளையோடு தனியாக வரும் தாயும் பயமின்றி நின்று சார்ஜ் போடக்கூடியதாக அந்த இடம் இருக்க வேண்டும்.